திவச இலையில் மிளகாய் இல்லை

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண வீடுகளில் திவசச் சமையலுக்கு வரும் மாமிகளுக்குப் பட்டியல் மனப்பாடம். வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு. குழைய வேகவைத்த பயத்தம்பருப்பு. மிளகும் சீரகமும் பொடித்துப் போட்ட ரசம். மிளகு தட்டிப் போட்ட உளுந்து வடை. பிரண்டைத் துவையல். அதிரசம், எள்ளுருண்டை, திரட்டுப்பால். வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு மாறும். ஒரு குடும்பத்தில் சேர்வது சம்பந்தி வீட்டில் சேராது. ஆனால் சேராதவை எவை என்பதில் அதிகம் சண்டை வராது: உருளைக்கிழங்கு, தக்காளி, கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீன்ஸ், பீட்ரூட், சௌசௌ. எல்லாவற்றுக்கும் மேலாக மிளகாய். பச்சையும் கூடாது, வற்றலும் கூடாது.

காரணம் கேட்டால் "பித்ருக்களுக்கு ஆகாது" என்று பதில் வரும். அந்தப் பதிலில் ஒரு பெரிய வரலாற்று உண்மை இருக்கிறது. விலக்கப்பட்ட காய்கள் அந்தப் பித்ருக்களின் பித்ருக்கள் கண்ணால் பார்த்திராதவை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், சௌசௌ ஆகியவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கோஸும் காலிஃபிளவரும் இன்றைய கேரட்டும் பீட்ரூட்டும் வெள்ளைக்காரர்களோடு வந்த விதைகள். ஆண்டுக்கு ஒரு நாள், கல்வெட்டும் ஓலைச்சுவடியும் செய்கிற வேலையை ஒரு வாழையிலை செய்கிறது. கொலம்பஸ் கடலேறிய 1492-க்கு முன்னால் தமிழ்நாட்டு மரக்கறிச் சமையல் எப்படி இருந்திருக்கும் என்பதை ருசித்தே அறியலாம்.

அந்தச் சமையலுக்கு மிகப் பழைய சாட்சி பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு, கடியலூர் உருத்திரங்கண்ணனார் வழியெங்கும் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். எயினர் குடியில் இறைச்சி, கடற்கரையில் மீன், ஆயர் குடியில் பால்சோறு. மறை ஓதும் அந்தணர் வீட்டுக்கு வரும்போது உணவு மாறுகிறது. நல்ல அரிசிச் சோறு. மாதுளங்காயைப் பிளந்து, பசு வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடி தூவி, கறிவேப்பிலை கலந்த பொரியல். தொட்டுக்கொள்ள மாவடு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த இலையை இன்றைக்கு ஒருவர் முன் வைத்தால், மாதுளங்காயைத் தவிர எதுவும் அவருக்குப் புதிதாக இருக்காது. நெய்மணம், மிளகுக் காரம், கறிவேப்பிலை, ஊறுகாய் என்று ஒரு மரக்கறி உணவுக்கு வேண்டிய நான்கும் அப்போதே கூடிவிட்டன. அதே பாட்டில் அது பலவகை உணவுகளில் ஒன்றாக மட்டுமே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தமிழர் எல்லோரும் ஒரு காலத்தில் சைவம் என்று சொல்வதற்குச் சங்கப் பாடல்கள் இடம் தருவதில்லை.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடியது இன்னும் நெருக்கமான வீட்டுக் காட்சி. புதிதாக மணமான பெண் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்தக் கையாலேயே நழுவும் புடவையைச் சரிசெய்துகொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் இதைச் சொல்கிறாள். இந்தப் பாட்டைப் பலரும் காதலுக்காகப் படிக்கிறார்கள். சமையல் வரலாற்றுக்காகவும் படிக்க வேண்டும். தாளிப்பு என்ற வேலை இருக்கிறது, புளிப்புக் குழம்பு இருக்கிறது, சமைத்தவள் யார் என்பது தெளிவாக இருக்கிறது. பிற்காலத்தில் சமையல் சாஸ்திரம் எழுதிய அரசர்களும் புலவர்களும் அடுப்படியில் புகை குடித்த பெண்ணை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை.

கோயில் கல்வெட்டுகளில் சமையல் கணக்காக மாறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் சாமிக்குப் படைப்பதையெல்லாம் அமுது என்றே எழுதும்: பருப்பமுது, நெய்யமுது, கறியமுது, மிளகமுது, தயிரமுது, சர்க்கரையமுது, அடைக்காயமுது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க முதல் வைத்தான். அந்த முதலின் வட்டியில் பழம் வாங்க வேண்டும். விஜயநகர காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் பலகாரங்களும் வருகின்றன. அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி என்று தனித்தனியே அளவு குறித்து வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வீட்டில் பாகு பதம் பார்த்துச் சுடுகிற அதிரசம் இப்படிக் கல்லில் ஏறிய பலகாரம்.

பக்கத்துக் கன்னட நாட்டில் இதே உலகம் புத்தகமாகவே எழுதப்பட்டது. சுமார் 920-ல் எழுந்த 'வட்டாராதனை'யில் இட்டலிகே வருகிறது. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரனின் 'மானசோல்லாச'த்தில் (1129) இட்டலியும் தோசையும் வடையும் வருகின்றன. அந்த இட்டலி உளுந்து மாவில் செய்தது, இன்றுபோல அரிசி கலந்து புளிக்கவைத்தது அன்று. பிறகு, சுமார் 1508-ல், மூன்றாம் மங்கரசன் என்ற சமணர் 'சூபசாஸ்திரம்' எழுதினார். முழுக்க மரக்கறிச் சமையலைப் பற்றிய நூல். 1510-ல் போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தார்கள். ஒரு பழைய சமையலின் கடைசிப் படம் அதன் கதவு திறப்பதற்குச் சற்று முன்னால் எடுக்கப்பட்டுவிட்டது. அது தற்செயல்தான் என்றாலும் சமையல் வரலாறு படிப்பவர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு.

அந்தக் கதவு வழியாக மிளகாய் வந்தது. எந்த மன்னனும் அதை அறிமுகம் செய்யவில்லை, எந்த ஆணையும் பிறக்கவில்லை. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் மலையாளக் கரையின் செடிகொடிகளைப் படத்தோடு பதிவு செய்தார். அதில் மிளகாயும் இருக்கிறது, முந்திரியும் இருக்கிறது. நூற்றெழுபது ஆண்டுக்குள் இரண்டும் உள்ளூர்ச் செடிகளாகிவிட்டன என்று பொருள்.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது என்பதற்குப் பதில் வயலில் இருக்கிறது. மிளகுக்கு மழை கொட்டும் மலைச்சரிவு வேண்டும், படர மரம் வேண்டும், காய்க்கச் சில ஆண்டு வேண்டும். விளைந்த மிளகோ கப்பலேறிப் போகும் பண்டம். ஏழை வீட்டுக் குழம்புக்கு அதை அள்ளிப் போட முடியாது. மிளகாய் விதைத்த அதே ஆண்டில் காய்க்கிறது. கொல்லையில் வளரும், வானம் பார்த்த பூமியில் வளரும். ராமநாதபுரத்துக் கரிசலில் விளையும் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெயிலில் காயப் போட்டால் ஆண்டு முழுதும் கெடாது. மல்லியோடும் துவரம்பருப்போடும் வறுத்து அரைத்தால் குழம்புப் பொடி. இட்டலிக்குத் தொட்டுக்கொள்ளும் பொடி, ஆவக்காய், மோர்மிளகாய், அடைக்கு அரைக்கும் காரம் எல்லாம் அதற்குப் பின் வந்தவை. இன்றைக்குப் 'பாட்டி காலத்துச் சமையல்' என்று கொண்டாடப்படுவதில் பாதிக்கு மேல் இந்த விருந்தாளி கொண்டுவந்த சீர்.

கோயில் மடைப்பள்ளிகள் மட்டும் அசையவில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து வேகவைக்கும் இட்டலியில் மிளகும் சீரகமும் சுக்கும்தான் காரம். அழகர்கோயில் தோசைக்கும் மிளகுதான். பல பெருமாள் கோயில்களின் புளியோதரையிலும் அப்படியே. இது தமிழ்நாட்டோடு நிற்கவும் இல்லை. பூரி ஜகந்நாதர் கோயிலின் பெருமடைப்பள்ளியில், நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மண்பானையில் சமைக்கிற இடத்தில், உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் கோஸும் உள்ளே போவதில்லை. ஒடிசாவிலும் காஞ்சியிலும் காவிரிக்கரை வீடுகளின் திவச நாளிலும் ஒரே விலக்கு இருப்பது, யாரோ ஒருவர் உட்கார்ந்து விதி எழுதியதால் வந்திருக்க முடியாது. வழிபாட்டுச் சமையல் எங்கும் ஒரே குணம் கொண்டது. பழகியதைக் கைவிடத் தயங்கும்.

ஆனால் அந்த வேலியிலும் பொத்தல் உண்டு. பல வீடுகளின் திவசப் பட்டியலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு கூசாமல் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் அமெரிக்கக் கிழங்குதான். தைப்பொங்கலன்று புதுப்பானைக்குப் பக்கத்தில் வைக்கும் காய்களைப் பாருங்கள்: மொச்சை, அவரை, கருணை, வாழைக்காய், அவற்றோடு பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும். பொங்கல் கூட்டுக்கு நாட்டுக்காய்தான் போட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறவர்கள்கூட அந்த இரண்டையும் முதலில் நறுக்குவார்கள். பரங்கிக்காயும் மெக்ஸிகோ, பெரு பக்கத்துக் கொடி.

மிளகாயை நிறுத்திய வாசல் இவற்றை எப்படி விட்டது? மிளகாய் உட்கார வேண்டிய நாற்காலியில் மிளகு ஏற்கெனவே இருந்தது, அதுவும் வழிபாட்டில் இடம் பெற்ற பண்டமாக. பரங்கிக்கு முன்னால் வெண்பூசணி இருந்தது, சர்க்கரைவள்ளிக்கு முன்னால் எத்தனையோ வள்ளிக்கிழங்குகள் இருந்தன. பழைய உறவுக்காரர்களின் சாயலில் வந்தவை சத்தமில்லாமல் குடும்பத்தில் சேர்ந்தன. புது ருசியோடு வந்தது அன்றாடச் சமையலை ஆண்டாலும் பித்ரு காரியத்தில் வெளியே நின்றது. 'நாட்டுக்காய்' என்ற தகுதியைத் தாவரவியல் தரவில்லை. எவ்வளவு காலமாகப் பழகியது என்ற கேள்விதான் அதை முடிவு செய்தது.

'இங்கிலீஷ் காய்' என்று வீடுகளில் சொல்லப்படும் கூட்டம் மிகவும் பிந்தியது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகமண்டலத்தில் குடியேறி, ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். உருளைக்கிழங்கு, கோஸ், கேரட் எல்லாம் அந்தக் குளிரில் பிழைத்தன. முதலில் துரைமார் மேஜைக்கும் பட்டாளத்துக்கும் போயின. 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. 1899-ல் மலை ரயில் குன்னூரை எட்டியது, 1908-ல் ஊட்டியை. மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து மூட்டைகள் சமவெளிக்கு இறங்கின. இரண்டு தலைமுறையில் உருளைக்கிழங்கு ரோஸ்ட் இல்லாத கல்யாணம் இல்லை என்றாயிற்று. போண்டாவின் உள்ளேயும் பூரியின் பக்கத்திலேயும் மசால்தோசையின் மடிப்பிலேயும் அதுவே உட்கார்ந்தது.

திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீடுகளின் சொதி இதற்கு நல்ல சான்று. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்தில் அதுதான் தலைமை. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். முதல் தேங்காய்ப்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிரித்தெடுத்து, பயத்தம்பருப்பு சேர்த்து, பச்சைமிளகாயும் இஞ்சியும் அரைத்து விட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குவார்கள். பால் திரியாமல் பார்ப்பதில் அந்த ஊர்ப் பெண்களின் பெருமையே இருக்கிறது. அதில் மிதக்கும் காய்கள்: கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய். முருங்கையைத் தவிர மற்றவை கப்பலில் வந்தவை. ஆனாலும் சொதியைவிடத் திருநெல்வேலித்தனமான உணவு வேறு ஏது? பழைமையானது மட்டுமே தன்னுடையது என்று எண்ணுகிறவர்கள் ஒருமுறை அந்தப் பந்தியில் உட்கார வேண்டும். ஓர் ஊர், வந்த காயைத் தன் தேங்காய்ப்பாலில் முக்கித் தன்னுடையதாக்கிக்கொள்வதும் சமையல் திறமைதான்.

தக்காளி இவற்றிலும் கடைக்குட்டி. ஜார்ஜ் வாட் 1889 முதல் 1893 வரை வெளியிட்ட இந்தியப் பொருளாதார விளைபொருள்களின் பேரகராதி, அது பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிராவதாகவும் இந்தியர்கள் அப்போதுதான் விரும்பத் தொடங்கியிருப்பதாகவும் எழுதியது. ஆக, தக்காளி ரசத்துக்கு வயது நூற்றுச் சொச்சம். அதற்கு முன் புளி, எலுமிச்சை, மோர், மாங்காய், நார்த்தங்காய் என்று புளிப்பு பல வழிகளில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி மணம், தனிப் பருவம். எந்தக் குழம்பானாலும் இரண்டு தக்காளி நறுக்கிப் போடும் பழக்கத்தில் அந்த வேறுபாடுகள் மழுங்கிக்கொண்டிருக்கின்றன. இதை இழப்பு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

நொறுக்குத் தீனியிலும் இனிப்பிலும் கதை இதுவே. தென்னார்க்காட்டுக்காரர்கள் மல்லாட்டை என்று அழைக்கும் நிலக்கடலை தென் அமெரிக்கச் செடி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போனது. செக்கில் ஆட்டிய கடலையெண்ணெய் முறுக்கு சுடவும் பஜ்ஜி போடவும் தமிழ் வீடுகளில் நுழைந்தது. நல்லெண்ணெய் தனக்கென்று குழம்பையும் மிளகாய்ப்பொடியையும் வைத்துக்கொண்டது. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் வெல்லப்பாகு பழையது, கடலை புதியது. பாயசத்தின் மேல் நெய்யில் வறுத்துப் போடும் முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது, இப்போது பண்ருட்டியின் அடையாளம். ஜவ்வரிசிக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. மரவள்ளி அமெரிக்கக் கிழங்கு. 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பஞ்ச காலத்து உணவாகப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றபோது, சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். கோடையில் மொட்டைமாடியில் பிழியும் ஜவ்வரிசி வடாமும், விரதம் முடித்துக் குடிக்கும் பாயசமும் இன்று சேலத்துச் சரக்கு. தீபாவளித் தட்டில் அதிரசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மைசூர்பாகு இன்னும் இளையது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா கடலைமாவையும் நெய்யையும் சர்க்கரையையும் கொண்டு கிளறிய இனிப்பு அது.

இத்தனை மாற்றமும் நடந்த வீட்டுச் சமையலறையில் எழுத்து என்பதே அரிது. தஞ்சை மராத்தியர் காலத்தில் ரகுநாத சூரி 'போஜன குதூகலம்' எழுதினார், சரஸ்வதி மகால் நூலகத்தில் 'சரபேந்திர பாக சாஸ்திரம்' இருக்கிறது. இரண்டும் அரண்மனையைச் சார்ந்தவை. வீட்டுச் சமையல் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, அம்மாவிடமிருந்து பெண்ணுக்குக் கைப்பழக்கமாகவே போனது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' முதல் பாகத்தை வெளியிட்டபோது அந்த வழக்கம் மாறியது. இளம் வயதிலேயே கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கியவர். உறவினர்கள் சமையல் குறிப்புக் கேட்டு ஓயாமல் எழுதிக்கொண்டிருக்க, அவற்றைப் புத்தகமாக்கச் சொன்னவர் அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி அய்யர்.

அது வேண்டியிருந்த காலம். கூட்டுக்குடும்பங்கள் உடைந்து, உத்தியோகத்துக்காக டில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இளம் தம்பதிகள் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்று "உப்பு போதும்" என்று சொல்ல ஆளில்லை. மீனாட்சி அம்மாள் ஆழாக்குக் கணக்கில் அளவு கொடுத்தார். எது முதலில், எது பின்னால், எப்போது இறக்குவது என்று வரிசையாகச் சொன்னார். 'கண்ணளவு', 'கையளவு' என்று தட்டிக்கழித்துவந்த அறிவுக்கு அளவு கிடைத்தது. மூன்று பாகங்களாக வளர்ந்த நூல் ஆங்கிலத்திலும் வந்தது. கல்யாணச் சீர்வரிசையில் வெள்ளிப் பாத்திரத்தோடு அதையும் வைத்து அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அரசர்களின் பெயரில் எழுந்த பாக சாஸ்திரங்களைவிட, தன் அடுப்பில் சமைத்துப் பார்த்து எழுதிய இந்தப் பெண்ணின் நூலே தமிழ் மரக்கறிச் சமையலுக்கு முதன்மையான ஆவணம். இலக்கிய வரலாறுகளில் அவருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

எல்லாம் வந்து வேரூன்றிய இந்தச் சமையலில், வந்தும் வேரூன்றாதது ஒன்று இருக்கிறது. பெருங்காயம். மிளகாய்க்குப் பல நூற்றாண்டு முன்பே வடமேற்குக் கணவாய்கள் வழியாக வந்த பண்டம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோர்க்குழம்புக்கும் அது இல்லாமல் முடியாது, ஆனால் செடி ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும்தான். வேரைக் கீறி வடியும் பிசினை அங்கிருந்து வாங்கி, மாவும் கோந்தும் கலந்து கட்டியாக்குவது மட்டும் இங்கே நடந்தது. தமிழ் வீடுகளுக்கு நன்கு தெரிந்த எல்.ஜி. கட்டிப் பெருங்காயத்தின் நிறுவனம் பம்பாயில் 1894-ல் தொடங்கியது. இந்தியா ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் கச்சாப் பெருங்காயம் இறக்குமதி செய்துவந்தது. 2020 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், குவாரிங் என்ற கிராமத்தில், பாலம்பூர் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் ஈரானிலிருந்து தருவித்த விதையில் வளர்ந்த முதல் நாற்றை நட்டார்கள். பெருங்காயச் செடி பிசின் தரும் பருவத்துக்கு வர ஐந்தாண்டு பிடிக்கும்.